தோள் வலி: கயிறு நோகிறதா, உறை சுருங்கியதா?

ஒரே நாள் காலையில் எங்கள் பிசியோதெரபி அறைக்கு இரண்டு பேர் வந்தார்கள். இருவர் கையிலும் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு. இரண்டிலும் ஒரே வரி: வலது தோள் வலி, பத்து நாள் பிசியோதெரபி.

முதலில் வந்தவர் பள்ளி ஆசிரியை. வயது 52. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மூன்று மாதமாகக் கரும்பலகையின் கீழ்ப் பாதியில் மட்டுமே எழுதுகிறாராம். "மேலே தேதி எழுதுவதற்குக்கூட ஒரு பையனைக் கூப்பிடுகிறேன் சார்" என்றார். அடுத்தவர் பெயிண்டர், அறுபதை நெருங்குகிறவர். பொங்கலுக்கு முந்திய மூன்று வாரமும் வீடு வீடாக அண்ணாந்து நின்று மேல்தளத்துக்கு ரோலர் உருட்டியவர்.

இருவரும் கேட்டது ஒன்றுதான்: "கரன்ட் வைத்துவிடுங்கள்."

நம் ஊரில் பிசியோதெரபிக்கு மறுபெயர் கரன்ட். தோள் வலிக்கும் நாம் வைத்திருக்கும் பெயர்கள் கொஞ்சமில்லை. வாயு பிடித்துக்கொண்டது என்பார்கள்; சுளுக்கு என்பார்கள்; நரம்பு இழுத்துக்கொண்டது, எலும்பு தேய்ந்துவிட்டது என்பார்கள். யாராவது ஃப்ரோசன் ஷோல்டர் என்று சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் தோள் வலிக்கிற எல்லோருக்கும் அதே நோய்தான். சீட்டில் ஒரே வரி இருந்தாலும் அந்த இருவருக்கும் இருந்தது ஒரே நோயில்லை. ஒருவருக்கு நல்லதாகும் வைத்தியம் மற்றவரை ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளிவிடக்கூடியது. அது ஏன் என்று விளங்க வேண்டுமானால் முதலில் தோள் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கரண்டியில் எலுமிச்சம்பழம்

பள்ளி விளையாட்டு விழாவில் வாயில் கரண்டியைக் கவ்வி, அதில் எலுமிச்சம்பழத்தை வைத்து ஓடியிருப்பீர்கள். தோள் மூட்டு ஏறக்குறைய அந்த அமைப்புதான். மேற்கை எலும்பின் தலை உருண்டைப் பழம். தோள்பட்டை எலும்பில் இருக்கும் ஆழமில்லாத குழி கரண்டி. எந்த நேரத்திலும் அந்த உருண்டையில் கால் பங்கோ அதற்குச் சற்று அதிகமோதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். இடுப்பு மூட்டில் உருண்டை கிண்ணத்துக்குள் ஆழமாக உட்கார்ந்திருப்பதால் அது எளிதில் நழுவாது. அதனாலேயே அதற்கு எல்லாப் பக்கமும் சுற்றவும் வராது. தோள் இதற்கு நேர்மாறானது. பரணைத் தொடலாம், முதுகைச் சொறியலாம், கல்லெறியலாம், சாமி கும்பிடலாம். ஆழத்தை விட்டுக்கொடுத்துச் சுதந்திரத்தை வாங்கிக்கொண்ட மூட்டு அது.

அப்படியானால் பழம் ஏன் கீழே விழுவதில்லை? இரண்டு ஏற்பாடுகள் காக்கின்றன.

ஒன்று, கயிறுகள். தோள்பட்டை எலும்பிலிருந்து நான்கு சிறிய தசைகள் கிளம்பி, உருண்டையை முன்னும் பின்னும் மேலுமாகப் பற்றிக்கொள்கின்றன. இந்த நால்வர் அணிக்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். தசை எலும்பில் போய் ஒட்டும் இடத்தில் வெள்ளையாக, உறுதியான நாராக மாறும். அந்த நார்ப் பகுதிதான் தசைநாண். கையைத் தூக்கும்போது இந்த நாண்கள் உருண்டையைக் குழியோடு சேர்த்து அமுக்கிப் பிடிக்கின்றன. பளு தூக்குவது வெளியே தெரியும் பெரிய தோள் தசை. பழத்தை விழாமல் பார்த்துக்கொள்வது இவர்கள்.

இரண்டு, உறை. உருண்டையையும் குழியையும் சுற்றி ஒரு பை போர்த்தியிருக்கிறது. இதை மூட்டுறை என்கிறோம். அக்குள் பக்கம் இந்த உறை மடிப்பு மடிப்பாகத் தொளதொளவென்று இருக்கும். தையல்காரர் ரவிக்கைக்கு அக்குளில் துணி விட்டுத் தைப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே: கையைத் தூக்க இடம் வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தோளில் இழுத்துப் பிடிக்கும் கயிறு இருக்கிறது, போர்த்தியிருக்கும் உறை இருக்கிறது. பெயிண்டருக்கு நோவது கயிறு. ஆசிரியைக்குச் சுருங்கியது உறை.

கயிறு நோகும்போது

நான்கு நாண்களில் அதிகமாகப் பாடுபடுவது மேலே ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸ் நாண். எலும்பாலான ஒரு சிறிய கூரைக்கு அடியில் நுழைந்து போகிறது. அண்ணாந்து வேலை செய்பவர்கள், கிரிக்கெட்டில் பந்து வீசுபவர்கள், நாள் முழுதும் உயரத்தில் துணி மடித்து அடுக்கும் ஜவுளிக்கடை ஊழியர்கள் என்று பலருக்கும் நோவது இதுதான்.

முன்பெல்லாம் இதற்குச் சொன்ன காரணம் எளிமையானது. கூரை தாழ்ந்திருக்கிறது, நாண் அதில் உரசுகிறது, உரசி உரசி நைந்துபோகிறது. 1972-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் சார்லஸ் நீர் இந்தக் கருத்தை வலுவாக முன்வைத்தார். இம்பிஞ்ச்மென்ட் என்ற சொல் அப்படித்தான் பரவியது. கூரை உரசினால் கூரையைச் செதுக்கிவிடலாமே என்று அறுவை சிகிச்சையும் உலகெங்கும் பரவியது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் பிரிட்டனில் நடந்து 2018-இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில், சிலருக்கு உண்மையாகவே கூரையைச் செதுக்கினார்கள்; சிலருக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் தையல் போட்டார்கள். ஆறு மாதம் கழித்து இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். செதுக்கியதால் மட்டும் கிடைத்த லாபம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை.

இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் வேறு. நாண் உயிருள்ள கயிறு. தாங்கிப் பழகிய சுமையைக் கொடுத்தால் உறுதியாகவே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் இன்னும் உறுதியாகும். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று மூன்று வாரம் இராப்பகலாக மேல்தளம் பூசினால் பழுதுபார்க்கும் வேலை பின்தங்கி, நார்களின் ஒழுங்கு குலைந்து நோக ஆரம்பிக்கும். நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. தசைபோல ஒரு வாரத்தில் அது தேறிவிடாது.

இங்கே ஸ்கேன் படுத்தும் பாட்டைச் சொல்லியாக வேண்டும். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'பகுதிக் கிழிசல்' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தோளில் எந்த வலியுமே இல்லாதவர்களைத் தேடிப் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களில் 54 சதவீதம் பேருக்கு நாணில் ஏதோ ஒரு கிழிசல் இருந்தது. வலியோ இல்லை! தலைமுடி நரைப்பதுபோல நாணும் வயதாகும்; நரைத்ததாலேயே தலை வலிப்பதில்லை. விழுந்து அடிபட்ட மறுகணமே கை தூக்க முடியாமல் போனது வேறு கதை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

உறை சுருங்கும்போது

இனி ஆசிரியையின் தோள். புதிதாய் வாங்கிய பருத்திச் சட்டையை முதல் சலவைக்குப் பின் போட்டுப் பார்த்தால் அக்குளில் பிடிக்கும். கை தூக்க வராது. அது கையின் பலவீனமில்லை, துணி சுருங்கிவிட்டது. உறைந்த தோள், அதாவது ஃப்ரோசன் ஷோல்டர், என்பதும் இதேதான். மூட்டுறை முதலில் அழற்சி கொள்கிறது, பிறகு தடித்து, இறுகி, மடிப்புகளை இழக்கிறது. சாதாரணமாக 20 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கொள்ளும் பை பத்துக்கும் கீழே சுருங்கிவிடுவதுண்டு.

இதற்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன. மருத்துவச் சீட்டுகளில் இன்றும் வரும் பெரிஆர்த்ரைடிஸ் என்பது, 1872-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் துயூப்ளே வைத்த பெயரின் வழி வந்தது. ஃப்ரோசன் ஷோல்டர் என்று 1934-இல் பெயரிட்டவர் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். விவரிக்கவும் கடினம், வைத்தியம் செய்யவும் கடினம், காரணம் சொல்லவும் கடினம் என்று அவரே எழுதிவைத்தார். 1945-இல் நெவியாசர் என்பவர், கோளாறு மூட்டுறையில்தான் என்று காட்டி, அட்ஹெசிவ் கேப்சுலைட்டிஸ் என்றார். மூன்றும் ஒரே நோய். சீட்டுக்குச் சீட்டு பெயர் மாறினால் மூன்று நோய் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேர் என்பது வழக்கமான கணக்கு. சர்க்கரை நோயாளிகளிடையே இது பல மடங்கு. நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை சொல்கிறார்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. எங்கள் வரிசையில் ஏன் இத்தனை உறைந்த தோள்கள் என்று நான் வியப்பதேயில்லை. இரத்தத்தில் நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை உடலின் நார்ப்புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை விறைப்பாக்குகிறது. இறுகிய பாகில் விழுந்த நூல் எப்படியிருக்குமோ அப்படி. காரணம் இது ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வருகிறது, எதுவுமே இல்லாதவர்களுக்கும் வருகிறது.

நோய் மூன்று கட்டமாக நகரும். முதலில் வலிக்கட்டம். இரவில் புரண்டு படுத்தால் உயிர் போகும்; இயக்கமும் நாளுக்கு நாள் குறையும். பிறகு இறுக்கக்கட்டம். வலி தணியும், ஆனால் தோள் பூட்டியதுபோல நிற்கும். கடைசியில் தளர்வுக்கட்டம். ஒவ்வொன்றும் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை நீளும். எல்லாம் சேர்ந்து ஒன்றரை, இரண்டு ஆண்டு, சிலருக்கு அதற்கும் மேல். தானாகவே முழுசாகச் சரியாகிவிடும் என்று பழைய புத்தகங்கள் சொன்னது ஓரளவுதான் உண்மை. பலருக்குக் கடைசியில் கொஞ்சம் விறைப்பு தங்கிவிடுகிறது.

சுருக்கமாக, நாண் கோளாறு என்பது சுமை கூடி நொந்த கயிறு. உறைந்த தோள் என்பது சுருங்கிய சட்டை. வலிக்கும் இடம் இரண்டிலும் ஒன்றுதான். மேற்கையின் வெளிப்புறம், சட்டைக் கை முடியும் இடம்வரை இறங்கும். அதனால்தான் இத்தனை குழப்பம்.

எந்தக் கதவு இது?

மழைக்காலத்தில் மரக்கதவு உப்பிக்கொள்ளும். யார் தள்ளினாலும் திறக்காது. இன்னொரு கதவு நன்றாகத்தான் திறக்கும். தள்ளுகிறவருக்குத்தான் கை நோகிறது. இரண்டையும் பிரித்தறிய வேறொருவரைத் தள்ளச் சொன்னால் போதும்.

தோளிலும் அதையே செய்கிறோம். முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, செங்கோணமாக மடக்கி, உள்ளங்கையை உள்பக்கம் பார்க்கவைத்து, முன்கையை மட்டும் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். ஆசிரியையின் இடது கை தாராளமாகத் திரும்பியது. வலது கை மூக்குக்கு நேரே நின்றது. "நீங்கள் தளர்த்திக்கொள்ளுங்கள், நான் திருப்புகிறேன்" என்று பிடித்துத் திருப்பினேன். அதே இடத்தில், தோல் வார் இழுபட்டு நிற்பதுபோல, நின்றுவிட்டது. கையைத் தூக்கச் சொன்னபோது தோள்பட்டை முழுதும் காதை நோக்கி ஏறியது. கை தலைக்கு மேல் போகும் 180 பாகையில் மூன்றில் ஒரு பங்கு தோள்பட்டை எலும்பு நகர்வதால் கிடைப்பது. மூட்டு பூட்டிக்கொண்டால் மீதி வேலையையும் அந்தப் பட்டையே இழுத்துப் போட்டுக்கொள்ளும். கழுத்து வலியும் உடன்வருவது அதனால்தான்.

பெயிண்டருக்கு நடந்தது வேறு. தானாகத் தூக்கும்போது தோள் மட்டத்தில் முகம் சுளித்தார்; அதைத் தாண்டியதும் வலி குறைந்தது. நான் தாங்கித் தூக்கியபோது கை தலைக்கு மேல் முழுதாகப் போனது. வெளிப்பக்கத் திருப்பமும் சரியாகவே இருந்தது.

உப்பிய கதவு யார் தள்ளினாலும் நிற்கும். நோவுள்ள கை பிறர் தூக்கினால் போகும். வீட்டிலேயே ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் இழுத்துப் பார்க்காதீர்கள். மூட்டுத் தேய்மானம் முற்றினாலும் வெளித்திருப்பம் குறையும். அதைப் பிரித்தறியத்தான் எக்ஸ்ரே. உறைந்த தோளில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். நாண் நோகிறது என்று பயந்து மாதக்கணக்கில் கையைத் தொட்டிலில் தொங்கவிட்டவருக்கு விறைப்பும் சேர்ந்துகொள்வதுண்டு.

கரன்ட் என்னதான் செய்கிறது?

"தம்பி, நேற்று வைத்த கரன்ட் போதவில்லை. இன்று கொஞ்சம் கூட்டி வையுங்கள்" என்றார் பெயிண்டர், இரண்டாம் நாள். கேட்டதில் தவறில்லை. நாங்களும் அப்படிப் பழக்கிவைத்திருக்கிறோம்.

பட்டைகளை ஒட்டிச் சுள்சுள்ளென்று துடிக்கவைக்கும் கருவிகள் செய்வது ஒன்றே ஒன்று. முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே பரபரவென்று தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தேய்க்கும் உணர்ச்சி முந்திக்கொண்டு போய், வலிச்செய்தி மூளைக்கு ஏறும் வாசலைச் சற்றுச் சாத்திவிடுகிறது. 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் முன்வைத்த கருத்து இது. டென்ஸ் என்ற கருவி அந்தத் தேய்ப்பைத்தான் மின்சாரத்தால் செய்கிறது. கருவி ஓடும்வரை வலி குறையும்; பிறகும் கொஞ்ச நேரம் குறைந்திருக்கலாம். நாண் அதனால் உறுதிப்படாது. உறை அதனால் விரியாது.

களிம்பு தடவி உருட்டும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை இன்னொன்று. காதுக்குக் கேட்காத, நொடிக்கு பத்து லட்சமோ முப்பது லட்சமோ முறை அதிரும் ஒலி அது. உருட்டிக்கொண்டிருக்கும்போதே "உள்ளே என்ன தெரிகிறது சார்?" என்று கேட்பவர்கள் பலர். ஒன்றும் தெரியாது. அது படம் எடுக்கும் ஸ்கேன் இல்லை, பெயர்தான் ஒன்று. தோள் வலியில் இதைப் பொய்க்கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பெரிதாக எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆழச் சூடு தரும் டயாதெர்மியும் வெந்நீர்ப் பையும் தசையைத் தளர்த்தும். பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் கொடுத்தால் நோயாளி பயப்படாமல் கையை நீட்டுவார். இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டயாதெர்மி அறைக்குள்ளேயே போகக்கூடாது. டென்ஸுக்கும் அவர்கள் இதய மருத்துவரிடம் கேட்டே சம்மதிக்க வேண்டும்.

இலையில் ஊறுகாய்க்கும் ஓர் இடம் உண்டு. பத்து நாளும் ஊறுகாய் மட்டும் பரிமாறிவிட்டுச் சாப்பாடு ஆயிற்று என்று அனுப்புவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இங்கே சோறு என்பது பயிற்சிதான்.

நொந்த நாணுக்குச் சோறு

நாணுக்கு வேண்டியது அளந்து கொடுத்த சுமை. பெயிண்டரிடம் முதலில் சொன்னது, வேலையை நிறுத்தாதீர்கள், குறைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். நீளக் கோல் போட்ட ரோலர், மேல்தளம் அரை நாள், சுவர் அரை நாள். பிறகு மூன்று பயிற்சிகள்.

முதலாவது, அசையாமல் அமுக்குவது. சுவரோரம் பக்கவாட்டில் நின்று, முழங்கையை மடக்கி, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு, புறங்கையால் சுவரைத் தள்ள வேண்டும். கை நகராது, தசை வேலை செய்யும். முப்பது நொடி, ஐந்து முறை. வலி மிகுந்திருக்கும் முதல் வாரங்களில்கூட இதைச் செய்ய முடியும்.

இரண்டாவது, ரப்பர் பட்டை. ஜன்னல் கம்பியில் கட்டி, மேலே சொன்ன அதே கதவு திறக்கும் அசைவில் வெளிப்பக்கம் இழுப்பது. மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது. பத்துப் பத்தாக மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். நாணுக்கு அந்த இடைநாள் தேவை. சுமைக்குப் பிந்திய பழுதுபார்ப்பு அப்போதுதான் நடக்கிறது. மூன்றாவது, தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கையை முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் நடுவான கோணத்தில் தூக்குவது. அரை லிட்டரில் தொடங்கி ஒரு லிட்டருக்குப் போகலாம்.

வலித்தால் நிறுத்த வேண்டுமா? இதில்தான் பலரும் தவறுகிறார்கள். பத்துக்கு எத்தனை வலி என்று உங்களையே கேளுங்கள். நான்குவரை பொறுக்கலாம், மறுநாள் காலையில் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லையென்றால் நேற்றைய சுமை அதிகம், குறையுங்கள், விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்க்காமல் பலனில்லை என்று சொல்ல முடியாது. பத்து நாள் சீட்டு நாணுக்குப் பொருந்துவதேயில்லை.

என் தொழிலுக்கே கொஞ்சம் உறுத்தலான செய்தியும் ஒன்று இருக்கிறது. 2021-இல் லான்செட்டில் வந்த, 708 பேர் பங்கேற்ற பிரிட்டன் ஆய்வில், ஆறுமுறைவரை நேரில் வரவழைத்துப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டியவர்களும், ஒரே ஒருமுறை வந்து நன்றாக விளக்கம் கேட்டுப் பயிற்சித் தாளோடு வீட்டுக்குப் போனவர்களும் ஓராண்டில் ஏறக்குறைய சமமாகவே தேறினார்கள். நன்கு புரிந்துகொண்டு வீட்டில் விடாமல் செய்கிறவர், தினமும் ஆட்டோ பிடித்து வந்துபோக வேண்டியதில்லை.

உறைந்த தோளுக்கு அவசரம் ஆகாது

ஆசிரியைக்கு ரப்பர் பட்டை கொடுக்கவில்லை. சுருங்கிய சட்டைக்குள் கையை வலுவாக்கி என்ன பயன்?

அவர் வந்தது வலிக்கட்டத்தில். இரவுத் தூக்கமே போயிருந்தது. அந்தக் கட்டத்தில் இழுத்துப் பிடித்து விரிப்பது எரியும் அடுப்பில் விறகு செருகுவதற்கு ஒப்பு. 2004-இல் நெதர்லாந்தில் 77 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு சாராருக்கு வலி தாங்கும் அளவுக்குள் மென்மையான அசைவும் விளக்கமும் மட்டும். இன்னொரு சாராருக்கு வலியைத் தாண்டியும் இழுக்கும் கடுமையான சிகிச்சை. இரண்டாண்டு கழித்து, மென்மையாக நடத்தப்பட்டவர்களில் 89 சதவீதம் பேருக்குத் தோள் நல்ல நிலையில் இருந்தது. இழுத்தவர்களில் 63 சதவீதம். சுளுக்கு எடுக்கிறேன் என்று தோளில் காலை வைத்துக் கையை வெடுக்கென்று இழுப்பவர்களிடம் போகிறவர்கள் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும். எலும்பு வலுவிழந்த வயதில் மேற்கை எலும்பே முறியலாம்.

முதலில் படுக்கையைச் சரிசெய்தோம். நல்ல பக்கம் சாய்ந்து, நோகும் கையைத் தலையணைமேல் போட்டு அணைத்துக்கொண்டு தூங்குவது. மல்லாந்து படுத்தால் முழங்கைக்கு அடியில் மடித்த போர்வை. பிறகு காட்மன் பெயராலேயே வழங்கும் ஊசல் பயிற்சி. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மற்றக் கையைக் கிணற்று வாளிபோலத் தொங்கவிட வேண்டும். கையை ஆட்டக்கூடாது, உடம்பை அசைத்தால் கை தானாக ஆடும். ஒரு நிமிடம், ஒருநாளில் நாலைந்து தடவை. வந்த முதல் நாள் அவர் கையைத்தான் ஆட்டினார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

வலி தணிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகு விரிப்பதற்கான நேரம். மல்லாந்து படுத்து, ஒரு கோலை இரு கையாலும் பிடித்து, நல்ல கையால் தள்ளி நோகும் கையை வெளிப்பக்கம் திருப்புவது. சுவரில் விரல்களால் ஏறி, எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போடுவது. குளித்து முதுகு துடைப்பதுபோலத் துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து மேல்கையால் இழுப்பது. இதோடு நாங்கள் கையால் செய்யும் மூட்டுத் தளர்த்தலும் சேரும். உருண்டையைக் குழியில் சில மில்லிமீட்டர் மட்டும், தாளத்தோடு, கீழும் பின்னுமாக நகர்த்துவது அது. கொஞ்சம் வலிக்கலாம், இரவில் தூக்கம் கெடக்கூடாது.

ஊசியும் கத்தியும்

வலிக்கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி உறைந்த தோளில் சில வாரங்கள், சில மாதங்கள் நல்ல நிவாரணம் தரும். அந்த இடைவெளியில் பயிற்சி எளிதாகும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை அளவு எகிறும். அதை முன்கூட்டியே சொல்லி, அடிக்கடி பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். 2020-இல் வந்த, 503 பேர் கொண்ட பிரிட்டன் ஆய்வு மயக்க மருந்து கொடுத்துத் தோளை விடுவிப்பதையும், துளை வழியே உறையை வெட்டிவிடுவதையும், ஊசியோடு சேர்ந்த பிசியோதெரபியையும் ஒப்பிட்டது. எதுவும் மற்றதைத் தெளிவாக மிஞ்சவில்லை. ஆகவே எளியதிலிருந்து தொடங்குவதே வழக்கம்.

வலி தோளில், நோய் வேறிடத்தில்

இடது தோள் வலியோடு நெஞ்சு பாரம், வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் தைலம் தேடாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். பித்தப்பைக் கோளாறு வலது தோள் நுனியில் வலிப்பதுண்டு. கழுத்திலிருந்து கிளம்பும் வலி பெரும்பாலும் முழங்கையைத் தாண்டி விரல்வரை இறங்கும், மரத்துப்போகும். காய்ச்சல், வீக்கம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தாலும் முதலில் மருத்துவர். விழுந்து அடிபட்ட உடனே கையைத் தூக்கும் சக்தியே போய்விட்டால், முன்பு சொன்னேனே, அது நாண் முழுதாக அறுந்ததாக இருக்கலாம். அதைப் பன்னிரண்டு வாரப் பயிற்சி என்று ஒத்திப்போடக்கூடாது.

பெயிண்டர் நான்காம் மாதம் போன் செய்தார். தோளைப் பற்றிச் சொல்ல இல்லை; மருமகனுக்கு முழங்கால் வலியாம், கரன்ட் வைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார். ஆசிரியைக்கு இப்போது பதினோராம் மாதம். கரும்பலகையின் மேல் மூலையில் தேதியைத் தானே எழுதுகிறார். ரவிக்கையின் பின்பக்க ஊக்கு மட்டும் இன்னும் மகள் கையில்தான் இருக்கிறது.